கதை முடியற வரைக்கும்

புடுங்காதம்மா. உடு. கிழிச்சா கிழிக்கட்டும். ஆமா, நான்தான் சொல்றேன், உடு. நீ படிச்சி முடிச்ச பழைய வாரப் பத்திரிகதான? அப்பறம் இன்னா. கொழந்த கையில இருக்கறப்ப வெடுக்குனு புடுங்கனா அதுக்கு இன்னா தோணும் சொல்லு. இது நம்ம சாமான் இல்ல, பெரியவங்க சாமான்னு தோணும். அப்டியே தள்ளி நின்னுடும். பின்னால அடிச்சி ஒக்கார வெச்சாலும் கிட்ட வராது. வாயில வெச்சா மட்டும் எடுத்துடு. அந்த மை வயித்துக்கு ஆவாது.

பொண்ணா? மொட்ட அடிச்சிருக்கவே தெர்ல. நல்லா முழிச்சி முழிச்சிப் பாக்குது.

நீ எங்க போவணும், உத்திரமேரூரா? அந்த வண்டி இன்னிக்கி லேட்டாத்தான் வரும். வரதராஜருக்குத் தேரு இல்லியா, அதான் ஊரு பூரா ஜனம். வண்டியெல்லாம் சுத்தி உட்டிருக்கான். நானா? ஆரணி. அதுவா? அது ஆரணி வண்டிதான், பாத்தேன். படியிலயே தொங்கறாங்க, அதுல எங்க ஏறறது. அடுத்ததுல போறேன். பைய இங்க வெக்கலாமா? இல்ல வேணாம், மடியிலயே இருக்கட்டும்.

டீச்சரா! நல்லா கேட்ட போ. நெசவுக்காரிமா நானு. பிள்ளையார்பாளையம். எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா பேப்பரு நல்லா படிப்பேன். எங்கப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தறியில ஒக்காந்துக்கினே நியூஸ் கேக்கணும். கை நிக்கக் கூடாது, காதுக்கு நியூஸும் வேணும். அப்ப யாரு படிக்கறது, நான்தான். ரெண்டு தறி சத்தத்துக்கு மேல கத்திப் படிக்கணும். அதான் இந்தக் கொரலு. மெதுவாத்தான் பேசறேன்னு நெனச்சிக்கறேன், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது பாரு.

எனக்கு ரெண்டு பசங்க. பொண்ணு காவேரி, இப்ப ஏழாவது போவணும். பையன் குமரகுரு, ரெண்டாவது. நேராவே சொல்லிடறேன், நான் பெத்தது இல்ல. அவங்கம்மா கொழந்தைங்கள உட்டுட்டுப் போய் சேந்தப்பறம் கட்டிக்கினு வந்தவ நானு. எனக்கும் வயசு ஏறிப் போயிருந்துச்சி, ஜாதகத்துல இன்னாவோ சொல்லி தட்டிக்கினே போச்சி, அதான் எங்க வீட்ல சரின்னாங்க. இன்னா பாக்கற? சித்தின்னா சினிமாவுல வர்ற மாதிரியான்னு பாக்கறியா? பாரு பாரு, எல்லாரும் அப்டித்தான் மொதல்ல பாப்பாங்க.

பையன் ஒட்டிக்கினான். அவனுக்கு வெவரம் இல்ல, சோறு போட்டவங்க மடியில படுத்துக்குவான். பொண்ணு இருக்குதே, காவேரி, அது கல்லு. அப்ப மூணாவது படிக்குது. என்ன எதுவுமே கூப்பிடாது. அம்மான்னும் இல்ல, சித்தின்னும் இல்ல. எதுனா வேணும்னா எதிர்ல வந்து நிக்கும், நானே கண்டுபுடிச்சிக் குடுக்கணும். நான் தட்டுல போட்டா அப்டியே இருக்கும். நான் அந்தாண்ட போனப்பறம் சாப்டும். கோவம் வந்துச்சான்னா, வந்துச்சி. ஏன் வராது. ராத்திரி அவரு தூங்கனப்பறம் அழுவேன். காலைல எந்திரிச்சா மறுபடியும் தட்டுல போடணும் இல்ல.

பள்ளிக்கூடத்துல கூப்ட்டு சொன்னாங்க, உங்க பொண்ணுக்கு எழுத்துக் கூட்டக்கூட வரலன்னு. அவருக்கு அவமானமா போச்சி. ரெண்டு அடி அடிச்சாரு. நான் நடுவுல போனேன், இரு நான் சொல்லித் தரேன்னு. பாடப் புஸ்தகத்தத் தொறந்தேனா, அது மூடிச்சி. நான் தொறந்தேன், மூடிச்சி. வெரலு நடுவுல மாட்டிக்கிச்சி எனக்கு. சரின்னு எந்திரிச்சிட்டேன்.

தோ, அது உத்திரமேரூரான்னு பாரு. இல்லியா? வாலாஜாபாத்தா. சரி ஒக்காரு, ஒக்காரு.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங். அது நல்ல மழ காலம். மழன்னா தறிக்குழியில ஈரம் ஏறிடும், தறியில கட்டன பாவு நூலு நமுத்துப் போவும், நூல் அறுந்துக்கினே இருக்கும். வேல ஓடாது. அவரு தறியில சும்மா ஒக்காந்து அறுந்த நூல முடிச்சி போட்டுக்கினு இருந்தாரு. எனக்குக் கை சும்மா இருந்தா பைத்தியம் புடிக்கும். பக்கத்து வீட்டு காமாட்சியம்மாள் வீட்ல ஒரு பழைய கதப் புஸ்தகம் கெடந்துச்சி, அட்ட இல்லாம. வாங்கிக்கினு வந்து ஒக்காந்தேன். அவருதான் சொன்னாரு, சத்தமாப் படியேன், நானும் கேக்கறேன்னு. பசங்களுக்குப் படிக்கணும்னு சத்தியமா நெனைக்கலமா. அவருக்குத்தான் படிச்சேன்.

ஒரு திருடன் கத. கோயில் மணியத் திருடறான். திருடறது பெருசு இல்ல, மணி அடிக்காம எப்டித் தூக்கிக்கினு போறது? மணியோட நாக்குல பழந்துணிய அடைச்சி, கோணியில கட்டி, தோள்ல போட்டுக்கினு நடக்கறான். நாயி வருது, அசையாம நிக்கறான். தும்மல் வருது, மூக்கப் புடிச்சிக்கறான். ஊருக்கு வெளிய போவறப்ப வரப்புல கால் வழுக்கி உழறான். துணி நழுவிடுது. அங்க வரைக்கும் படிச்சேன். பையன் அதுக்குள்ள என் முட்டி மேல ஏறி ஒக்காந்திருக்கான். கதவுக்குப் பின்னால ஒரு பாவாட ஓரம் தெரியுது. நான் பாக்காத மாதிரி இருக்கறேன். உள்ள ஒல பொங்கற சத்தம் கேக்குது, எந்திரிச்சிப் போயிட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சிப் பையன் அடுப்பங்கரைக்கு வரான். மா, மணி அடிச்சிச்சா இல்லியான்னு அக்கா கேக்குதுன்றான். எனக்கு சிரிப்பு ஒரு பக்கம், அழுவ ஒரு பக்கம். அக்காவையே வந்து கேக்கச் சொல்லுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சி. ஆனா வீம்புக்கு வீம்பு நின்னா யாரு கெலிக்கறது, கொழந்ததான கெலிக்கும். புஸ்தகத்த அந்தப் பக்கத்துலயே தொறந்து, ஜன்னல்கிட்ட வெச்சிட்டு, கொடத்த எடுத்துக்கினு தெருக்கொழாய்க்குப் போயிட்டேன்.

திரும்பி வந்து வாசப்படியில கால வெச்சேன். உள்ள கொரலு கேக்குது. ம, ணி, மணி. கு, லு, குலுங், குலுங்கி. வெரல வெச்சி வெச்சிக் கூட்டுது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தம்பிகாரன் ஊங்கொட்டறான். நான் இடுப்புல கொடத்தோட அப்டியே நின்னுட்டேன். மழத் தூறல் வேற. காமாட்சியம்மாள் அவங்க வீட்டு வாசல்லேர்ந்து, இன்னாடி நனஞ்சிக்கினு நிக்கறன்றாங்க. நான் வாயில வெரல வெச்சிக் காட்டறேன். தண்ணி வழிஞ்சி பொடவ பூரா நனஞ்சிப் போச்சி. கத முடியற வரைக்கும் உள்ள போவவே இல்ல.

அடிச்சிச்சான்னு நீயும் கேக்கற பாத்தியா! அடிச்சிச்சிமா. அடிச்சவுடனே ஊர்ல இருக்கறவங்க எல்லாம் பூஜன்னு நெனச்சிக்கினு கையக் கூப்பிக்கினு ஓடியாந்துட்டாங்க. நடுவுல இவன் மணியோட நிக்கறான். ஓடவும் முடியல. அடிச்சிக்கினே கோயிலுக்குக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிட்டான். அவ்ளோதான் கத.

அதுக்கப்பறம் நான் எதும் சொல்லித் தரல. எழுத்துன்னே பேச்செடுக்கல. தெனம் சாயந்தரம் அவருக்குப் படிக்கற மாதிரி படிப்பேன், நடுவுல எதுனா வேலைன்னு எந்திரிப்பேன், அவ்ளோதான். கதவுக்குப் பின்னால இருந்தது கதவுக்கு முன்னால வந்துச்சி. முன்னால இருந்தது பக்கத்துல வந்துச்சி. ஒரு நாளு நான் ஒரு வார்த்தைய தப்பா படிச்சிட்டேன், அப்டி இல்லன்னு சொல்லி வெரல வெச்சிக் காட்டிச்சி. என் கைமேல கை படுது. அதுவே மொத தபா எங்கிட்ட நேரா பேசினது. நீ தப்பாப் படிக்கறன்னு.

கொழந்த தூங்கிடுச்சா? முந்தானைய மூடு, ஈ வருது.

அப்பறம் லைப்ரரி. சனிக்கெழமையானா பையன இடுப்புல, இவளக் கையில புடிச்சிக்கினு, கச்சபேஸ்வரர் கோயில் மதிலோரமாவே நடந்து போவோம். அங்க வீரபாகுன்னு ஒருத்தரு இருந்தாரு, மூஞ்சி எப்பவும் சிடுசிடுன்னு இருக்கும். புஸ்தகத்தத் திருப்பிக் குடுத்தா ஒவ்வொரு பக்கமாப் பொரட்டுவாரு. ஒரு தபா, இன்னாமா இது, சாம்பாரான்னு கேட்டாரு. ஆமாங்க, சாப்புட்டுக்கினே படிக்குதுங்கன்னேன். கொழம்பு ஊத்திப் படிக்கறதுக்கா கவர்மெண்ட்டு புஸ்தகம் வாங்குதுன்னு கத்தனாரு. காவேரி மூஞ்சி சுண்டிப் போச்சி. நான் சொன்னேன், ஐயா, உங்க அலமாரியில சுத்தமா இருக்கற புஸ்தகம் எல்லாம் யாரும் தொடாததுதானன்னு. ஒரு நிமிசம் மொறச்சாரு. அடுத்த வாரம் போனா, காவேரிக்குன்னு ஒரு புஸ்தகம் தனியா எடுத்து வெச்சிருந்தாரு. சிடுசிடுப்பு மட்டும் மாறல.

படிச்சிச்சிமா. அப்டிப் படிச்சிச்சி. கூப்ட்டா காது கேக்காது. பால் பொங்கி ஊத்தும், பக்கத்துலயே ஒக்காந்திருக்கும். எங்க மச்சாண்டாரு, அவரோட அண்ணன், கலியன்னு பேரு, அவரு வந்து சத்தம் போட்டாரு. பொட்டப்புள்ள தறியில ஒக்காந்து ஜரிகை எடுத்துக் குடுக்காம புஸ்தகத்துல மூஞ்ச வெச்சிக்கினு இருக்குது, கெடுக்கறதே இந்த ரெண்டாந்தாரம்தான்னாரு. இவரு தறிய நிறுத்தனாரு. எப்பவும் அண்ணன எதுத்துப் பேசாத ஆளு. அண்ணா, அவ படிக்கட்டும், எனக்குப் பட்டுதான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாதுன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. காவேரி தலைய நிமித்தவே இல்ல. ஆனா பக்கம் திருப்பல. ரொம்ப நேரமா அதே பக்கம்.

அப்பலேர்ந்து வேல மாறிப் போச்சி. நான் படிக்கறது போயி, அவ படிப்பா, அவரு நெய்வாரு, நான் நூல் சுத்துவேன். நைனா, கேக்கறியான்னு நடுவுல நடுவுல கேப்பா. நாங்க எல்லாம் அப்பாவ நைனான்னுதான் கூப்புடறது. அவரும் ஊம் ஊம்னு சொல்லுவாரு. சிரிப்புக் கத வந்தா தறியில ஓட்டற நாடா கையிலயே நின்னுடும், சிரிச்சி சிரிச்சிக் கண்ணுல தண்ணி வந்துடும் அவருக்கு. நல்ல மனுசன். பேரா? பஞ்சாட்சரம். இப்பதான் வாயில வருது. இருந்தப்ப ஒரு தபாகூட சொன்னதில்ல.

ஆமா. இல்ல. கார்த்திகையில தவறிட்டாரு. மஞ்சக்காமால. நாட்டு மருந்து, அப்பறம் இங்க ஆஸ்பத்திரி, அப்பறம் மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி. ஈரல் பூரா போயிடுச்சி, வீட்டுக்கே கூட்டிக்கினு போங்க, புடிச்சதக் குடுங்கன்னாங்க. கூட்டிக்கினு வந்துட்டோம்.

கொஞ்சம் தண்ணி இருக்கா? குடும்மா. இல்ல, போதும்.

அவரு போனப்பறம் காவேரி புஸ்தகத்தையே தொடல. லைப்ரரி புஸ்தகம் ஒண்ணு வீட்லயே கெடந்துச்சி, நான்தான் கொண்டுபோயிக் குடுத்தேன். வீரபாகு கேட்டாரு, பொண்ணு எங்கன்னு. சொன்னேன். அவரு புஸ்தகத்த வாங்கிப் பொரட்டிக்கூட பாக்காம அலமாரியில வெச்சாரு. நான் வீட்ல மறுபடியும் ஆரம்பிச்சிப் பாத்தேன். சாயந்தரமானா பையனுக்குப் படிக்கற மாதிரி சத்தமாப் படிச்சேன். அவ எந்திரிச்சி வெளிய போயிடுவா. மறுபடியும் பழைய கல்லு. இல்லமா, அதவிட மோசம். மொதல்ல இருந்தது தெரியாதவங்ககிட்ட இருக்கற ஒதுக்கம். இது தெரிஞ்சவங்ககிட்ட.

சித்திரையில லீவு உட்டவுடனே அவங்க மாமா வந்தாரு. செத்துப்போன அவங்கம்மாவோட அண்ணன், வேலாயுதம். ஆரணியில இருக்காரு. நல்லவருதான். கொழந்த குட்டி இல்ல அவருக்கு. லீவுக்குக் கூட்டிக்கினு போறேன்னாரு. காவேரி உடனே துணிய மடிச்சி வெச்சிக்கிச்சி. பையன் மட்டும் பஸ் ஜன்னல்லேர்ந்து டாட்டா காட்டிக்கினே போனான்.

வைகாசி பொறந்துடுச்சி, பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது, ஆளையே காணம். காமாட்சியம்மாள் வீட்டு போன்லேர்ந்து பேசினேன். பையன் வந்தான். இங்க கேபிள் டிவி இருக்குதுமா, மாமா சைக்கிள் வாங்கித் தந்தாருமான்னான். அக்காவக் குடுடான்னேன். போனான், வந்தான். அக்கா வரலியாம்னான். அப்பறம் வேலாயுதம் வாங்கிச் சொன்னாரு. படிச்சிக்கினு இருக்குதுமா, பக்கத்து வீட்ல யாரோ புஸ்தகம் குடுத்தாங்க, அன்னிலேர்ந்து எந்நேரமும் படிப்புதான், கூப்ட்டா காதுலயே உழலன்னாரு.

நான் போன வெச்சிட்டு அவங்க வீட்டுப் படியிலயே ஒக்காந்துட்டேன். காமாட்சியம்மாள் பயந்துட்டாங்க, இன்னாடி, யாருக்கு இன்னான்னு. மறுபடியும் படிக்குதுக்கான்னு சொல்றேன், சிரிக்கறேன், அழுவறேன். எனக்கே தெர்ல. எங்க வீட்ல தொடாத புஸ்தகத்த அங்க தொட்டிருக்குது. சந்தோசப்படறதா, வயிறெரியறதா? படிச்சா கூப்ட்டாலும் காது கேக்காதுன்றது எனக்குத் தெரியும், நான்தான அந்தப் பழக்கத்த வெச்சது. ஆனா மெய்யாலுமே காதுல உழலியா, உழுந்தும் வரலியா? அத்த எப்டித் தெரிஞ்சிக்கறது போன்ல.

இன்னா? இப்ப போனதா? ஆமா, அதுவும் ஆரணி வண்டிதான். பாத்தேன். ஒக்கார எடமும் இருந்துச்சி, பாத்தேன்மா. அதுக்கு முன்னாலயும் ஒண்ணு போச்சி, நீ வர்றதுக்கு முன்னால.

நீ கேட்டுட்ட. சரி.

இன்னிக்கி சாயந்தரம் ஆரணியில பெரியவங்க ஒக்கார்றாங்க. வேலாயுதம், அவங்க பங்காளிங்க, எங்க மச்சாண்டாரு காலையிலயே போயிட்டாரு, என் பக்கம் பேசறதுக்கு இல்ல. பசங்க யாருகிட்ட இருக்கணும்னு பேசறாங்க. பெத்தவளும் இல்ல, அப்பனும் இல்ல, அப்ப இவ யாருன்றதுதான் பேச்சு. அதுகூட பரவால்ல. வேலாயுதம் போன்ல இன்னொண்ணு கேட்டாரு. ஒரு மாதிரி கொரல எறக்கிக் கேட்டாரு. ஏம்மா, அவரு உசுரு போனது தெரிஞ்சும் அந்தக் கொழந்தையப் பொணத்துக்குப் பக்கத்துல ஒக்கார வெச்சிக் கத படிக்க வெச்சியாமே, காவேரியே சொல்லிச்சி, நெசமான்னு. எங்க மச்சாண்டாரு வேற சொல்றாரு, அப்பவே தூக்கிக்கினு ஓடியிருந்தா பொழச்சிருப்பாருன்னு. அதுக்கு நான் பதில் சொல்லணும் அங்க.

நெசம்தான்மா.

மத்தியானம். சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சி. அவரு கட்டில்ல படுத்திருக்காரு, ஒடம்பெல்லாம் மஞ்சளா. அவ பக்கத்துல முக்காலியில ஒக்காந்து படிச்சிக்கினு இருக்கா. ஒரு கஞ்சன் வீட்டுக்கு விருந்தாளி வந்து போவவே மாட்டேன்றான், அந்தக் கத. அவருக்கு ரொம்பப் புடிக்கும், கேட்டதையே கேப்பாரு. நான் கஞ்சி எடுத்துக்கினு உள்ள வந்தேன். அவரு கண்ண மூடியிருக்காரு, மூஞ்சில ஒரு சிரிப்பு மாதிரி. கால்மாட்டுல ஒக்காந்து போர்வைய இழுத்து உட்டேன். பாதத்துல கை பட்டுச்சி. சில்லுன்னு இருக்குது. மார்ல பாக்கறேன், ஏறல, எறங்கல. எங்கப்பாவுக்குப் பாத்தவ நானு, எனக்குத் தெரியும். டாக்டரு வந்தும் அதத்தான் சொன்னாரு, போயி நேரமாச்சின்னு. தூக்கிக்கினு ஓடறதுக்கு அங்க உசுரே இல்லமா.

அவ படிச்சிக்கினே இருக்கா. அந்த விருந்தாளி பேசற மாதிரியே கொரல மாத்திப் படிக்கறா. அவளுக்கே சிரிப்பு வருது. நைனா, கேக்கறியான்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம படிக்கறா. எனக்குக் கத்தணும், மார்ல அடிச்சிக்கணும், வாய் வரைக்கும் வந்துடுச்சி. நிமிந்து பாத்தேன். புஸ்தகத்துல அவ வலது கைப் பக்கம் கொஞ்சம்தான் பாக்கி இருக்குது. ஏற்கனவே அம்மா இல்லாத கொழந்த. நான் வாயத் தொறந்தா அந்த நிமிசமே அப்பா இல்லாத கொழந்த ஆயிடும். அந்தக் கொஞ்ச பக்கம் வரைக்குமாவது அவளுக்கு அப்பா இருக்கட்டும்னு தோணிச்சி. சிரிச்சிக்கினே படிக்கறா, படிச்சி முடிக்கட்டும். கஞ்சியக் கீழ வெச்சிட்டு அந்தப் பாதத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டேன். என் புருசன்மா அவரு. அவ முடிச்சா. புஸ்தகத்த மூடினா. நைனா தூங்கிட்டாருன்னா. ஆமா, தம்பிய இட்டுக்கினு வான்னு அனுப்பிட்டு, அதுக்கப்பறம்தான் கத்தனேன்.

காரியமெல்லாம் முடிஞ்சப்பறம் எதிர்ல வந்து நின்னா. நீ வந்து கால புடிச்சியே, அப்பவே தெரியுமான்னு கேட்டா. பொய் சொல்ல வரல. தெரியும்னேன். என்னப் பாத்தா பாரு ஒரு பார்வ. அதுலேர்ந்துதான் பேச்சில்ல. நானும் ஏன்னு சொல்லல. அவ நினைச்சிக்கினு இருக்கா, நான் அவள ஏமாத்தி, செத்தவங்களுக்கு முன்னால சிரிக்க வெச்சிட்டேன்னு.

தப்புன்னு எனக்கு இன்னி வரைக்கும் தோணலமா. மறுபடியும் அந்த மத்தியானம் வந்தா மறுபடியும் அப்டியேதான் ஒக்காருவேன்.

இத்தத்தான் அங்க சொல்லணும். பெரியவங்க எதிர்ல. அவங்க கெடக்கறாங்க, முக்கியமா அவ எதிர்ல. எங்கூட வாடின்னு கேக்க மாட்டேன். இதச் சொல்லிட்டு ஒக்காந்துக்குவேன், அவ எந்தப் பக்கம் வராளோ வரட்டும். அங்க இருந்தாதான் படிப்பான்னா இருக்கட்டும். ஆனா இது தெரிஞ்சிக்கினு இருக்கட்டும்.

வீட்ல சொவத்தப் பாத்து சொல்லிப் பாத்தேன், வரல. காமாட்சியம்மாகிட்ட ஆரம்பிச்சேன், நான் முடிக்கறதுக்குள்ள அவங்க அழுதுட்டாங்க, எனக்கு நின்னுப் போச்சி. யாரு என்னன்னே தெரியாத ஒருத்தர்கிட்ட ஒரு தபா முழுசா சொல்லிட்டா, அங்க போயும் வந்துடும்னு நெனச்சேன். அதான் வண்டி வண்டியா உட்டுக்கினு, பக்கத்துல யாரு ஒக்கார்றாங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீ வந்த.

நடுவுல எங்கனா திக்கனேனா? கால புடிச்சேன்ற எடத்துல கொரலு கேட்டுச்சா, இல்ல உள்ளயே போயிடுச்சா? கேட்டுச்சில்ல. அது போதும்.

சரிம்மா, தோ ஆரணி வண்டி திரும்புது. நான் ஏறிடறேன்.